சகலை வீட்டுத் தலை

மீன் வளர்க்கத் தோட்டத்தில் குழி தோண்டிய இடத்தில் என் சகலைக்கு ஒரு கல் தலை கிடைத்திருக்கிறது என்று மனைவி சொன்னாள். எனக்கு அப்பட்டமாக வயிறு எரிந்தது.

நான் அருங்காட்சியகத்தில் சிற்பப் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ வெயிலில் குந்தித் தோண்டியிருக்கிறேன். கிடைத்ததெல்லாம் ஓட்டுச்சில்லு, ஒருமுறை யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. சகலை குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவன். சிற்பம் என்றால் என்னவென்று கேட்டால் சிங்க வாய் வைத்த குழாயை எடுத்துக் காட்டுவான். அவன் மண்வெட்டியைப் போட்ட முதல் நாளே தலை.

அவன் ராசி அப்படி. ஒரு கடைத் திறப்பில் எனக்கு இரண்டு குலுக்கல் சீட்டு கொடுத்தார்கள். போனால் போகிறதென்று ஒன்றை அவனிடம் நீட்டினேன். அந்தச் சீட்டுக்குத்தான் ஃப்ரிட்ஜ் விழுந்தது. இன்றைக்கும் அவன் வீட்டுக் கூடத்தில் நின்று என்னைப் பார்த்து உறுமிக்கொண்டிருக்கிறது.

“நீங்க பார்த்துச் சொன்னாத்தான் நம்புவேன், அத்தான்” என்று கொழுந்தியாள் போனில் சொல்லியிருந்ததால் போகாமல் இருக்க முடியவில்லை. பழையது என்றால் தலை அருங்காட்சியகத்துக்கு வரும். கண்டெடுத்தவர் என்று பலகையில் சகலையின் பெயர் ஏறும். நான் எழுதிய பலகைகள் அங்கே சுவர் சுவராகத் தொங்குகின்றன. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. மனைவியை ஏற்றிக்கொண்டு, தலை பழையதாக இருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

பின்கட்டில், துணி ஊறவைக்கும் தொட்டிக்குள் துண்டு விரித்து அதை வைத்திருந்தார்கள். சகலை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குழந்தையைக் காட்டுகிற பெருமையோடு துண்டின் ஓரத்தை விலக்கினான். ஆண் முகம். மூக்கு நுனி போயிருந்தது. இமைகள் பாதி தாழ்ந்து, உதடுகள் எதையோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல இருந்தன.

முதலில் காதோரம் பார்த்தேன். சிமெண்டில் வார்த்த தோட்டத்து பொம்மை என்றால் அச்சு பிரிந்த கோடு அங்கே இருக்கும். இல்லை. சரி, கல்தான், ஆனால் புதுக் கல்லாக இருக்கட்டும் என்று கழுத்துக்கு வந்தேன். நேற்று உடைந்த கல் விளிம்பில் விரலை வைத்தால் கீறும். இது சோப்புக்கட்டிபோல மழுங்கியிருந்தது. மூக்குத் துளைக்குள் மண்ணின் உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தது. என் வேண்டுதல் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்த ரேகையைப் பார்த்தேன். துருப்பிடித்த நிறத்தில், விரல் அகலத்தில், கழுத்து உடைப்பில் தொடங்கி இடது தாடை வரை ஏறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் தலையில்லாத ஒரு சிலை உட்கார்ந்திருக்கிறது. அதன் இடது தோளிலிருந்து இதே துரு ரேகை கழுத்து வரை ஏறி, உடைந்த இடத்தில் நின்றுபோகும். அந்தச் சிலைக்குக் காலம் சொன்னது நான். மாணவர்கள் படிக்கிறார்கள், வெளியூர் ஆட்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். என் பிழைப்பில் நாலு பேர் பேசும்படி நான் செய்த ஒரே காரியம் அதுதான். உடம்பில் எங்கேயும், நுனியில் பல் வெட்டிய பல் உளியின் தடம் இல்லை, ஆகவே அந்த உளி எங்கள் பக்கம் வருவதற்கு முந்தைய சிலை என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தலையின் பின்பக்கம் பார்த்தேன். சுவரை ஒட்டி வைக்கிற சிலைக்குப் பின்பக்கம் மெருகு போடமாட்டார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அங்கே சீப்பால் வாரியதுபோல ஒரே சீராகக் கோடுகள் ஓடின. பல் உளியேதான்.

புத்திக்கு அப்போதுதான் உறைத்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் உடம்பின் முன்பக்கம் வழவழவென்று இழைத்தது. முதுகோ எப்போதோ பிளந்து உதிர்ந்து போய்விட்டது. தடம் இருக்க வேண்டிய இடமே இல்லாத கல்லைப் பார்த்துத் தடமே இல்லை என்று எழுதியிருக்கிறேன். சிலை நான் சொன்னதைவிட முந்நூறு வருஷம் இளையது. ஆக, குழாய்க்கடைக்காரனின் பெயர் பலகையில் ஏறும், என் காலக் கணக்கு இறங்கும். ஒரே தலையில் எனக்கு இரண்டு அடி.

“என்ன சகலை, ஏதாவது தேறுமா?” என்றான்.

“தோட்டத்து பொம்மைதான். நூறு வருஷம்கூட ஆகாது” என்றேன். என் மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவன் முகம் வாடும், அதைப் பார்த்துக் கொஞ்சம் குளிரலாம் என்று காத்திருந்தேன். வாடவில்லை. நல்லதாகப் போயிற்று என்று சிரித்தான். அருங்காட்சியகம் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்திருந்தானாம். எனக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, கடையில் குழாய் பொருத்துகிறவரைக் கையோடு கூப்பிட்டான்.

காப்பி பாதி இறங்கியிருக்கும். பின்கட்டில் டிரில் மிஷின் ஒருமுறை உறுமி நின்றது. அந்தச் சத்தம் என் காதுக்குள் போய்ப் பல்லைக் கூசவைத்தது. என்ன வேலை என்று கொழுந்தியாளைக் கேட்டேன். வாயில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டால் குளத்துக்குத் தண்ணீர் கொட்டும், பார்க்க அழகாக இருக்கும் என்றாள்.

நான் எப்படி எழுந்தேன், டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. பின்கட்டுக்குப் போனபோது தலை சாக்கின் மேல் மல்லாந்து கிடந்தது. உதட்டின் நடுவில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். டிரில் முனை அதற்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்தினேன்.

“கையை எடுங்க சார், கிழிச்சிடும்” என்றார் பொருத்துகிறவர்.

“இது பொம்மை இல்ல சகலை” என்றேன். “பழசு. எங்க சிலையோட தலை. நான் சொன்னது பொய்.”

ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவன் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் கேட்கவில்லை. வயரைச் சுருட்டச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து பென்சில் வட்டத்தைத் துடைத்தான்.

தலையை உடம்பின் மேல் வைத்த அன்று ரேகை இம்மி பிசகாமல் சேர்ந்தது. பழைய பலகையைக் கழற்றி, திருத்திய காலத்தை நானே எழுதினேன். கீழே, கண்டெடுத்தவர் என்று போட்டுச் சகலையின் முழுப்பெயரை எழுதும்போது, பரீட்சையில் அடுத்தவன் வாங்கிய மார்க்கைக் கரும்பலகையில் எழுதப் பணிக்கப்பட்ட பையன்போல இருந்தது எனக்கு.

குடும்பத்தோடு பார்க்க வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பலகையை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தான்.

“உங்க பேரு எங்க, சகலை?”

எழுதுகிறவர் பெயரைப் போடுவதில்லை, கண்டெடுத்தவர் பெயர் மட்டும்தான் வழக்கம் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு இயக்குநரைத் தேடிப் போனான். அவர் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது.

“என் பேர எடுத்துட்டு அவரு பேரப் போடுங்க” என்று அவன் சொல்வது கூடத்தில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “நான் ஓட்டை போட இருந்தவன். டிரில்லுக்கு முன்னால கையை வச்சுக் காப்பாத்துனது அவருதான்.”

என் பொய்யைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. இயக்குநர் எழுந்து வந்து கை கொடுத்தார். எனக்கல்ல, அவனுக்கு. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இப்போது அந்தப் பலகையில், காப்பாற்றியவர் என்று என் பெயர் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் என் அறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

அன்று அவர்களோடு வந்திருந்த என் மனைவி என்னோடு வண்டியில் திரும்பினாள். பாதி வழியில், “தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன மனசு பாருங்க” என்றாள். அதுவும் அவனுக்கே விழுந்தது.