அவோரித்தா என்றால் எத்தனை மணி?

அமெரிக்காவின் தேசிய விவாத மேடையில், ஸ்பானிஷ் பேசும் லத்தீன் பத்திரிகையாளர்களுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஓரமாக இருக்கும். அந்த நாற்காலிக்கென்று ஒரு கேள்வியும் உண்டு: மெக்சிகோ எல்லைச் சுவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? உட்காருகிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. சான் அந்தோனியோவில் அதிபர் வேட்பாளர்கள் இருவரும் மோதிய விவாதத்துக்கு, எங்கள் ஸ்பானிஷ் சேனலின் நெரெய்தா செர்த்தூச்சேயை அழைத்தார்கள். அழைப்போடு கேள்வியையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள், எழுத்துப்பிழை எல்லாம் திருத்தி.

நெரெய்தா வெள்ளம், பள்ளிக்கூட வரி, பேஸ்பால், மேயரின் விவாகரத்து என்று எல்லாவற்றையும் எழுதியவர். சுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அதுவும் அந்தப் பக்கம் சுட்ட சோளம் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதால். அவரிடம் வேறு கேள்வி இருந்தது. அவருடைய தம்பி சேமா கூரை போடுகிறவன். ஜூலை மாத வெயிலில் தார் ஊற்றும்போது கூரை மேலேயே மயங்கி விழுந்தான். மேஸ்திரி அவனைக் கீழே இறக்கி, லாரி நிழலில் கிடத்திவிட்டு, அரை நாள் விடுப்பு என்று குறித்துக்கொண்டார். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் எப்போது வரும்? நெரெய்தாவுக்கு ஒரு தேதி வேண்டும். அவ்வளவுதான்.

இதைத்தான் கேட்கப்போகிறார் என்று, கேமரா பிடிக்கிற கீக்கேயாகிய எனக்கும், ஒலி பார்க்கிற வீலோவுக்கும் மட்டும் தெரியும்.

அவர் முறை வந்தது. காதுக்குள் தேசிய சேனலின் தயாரிப்பாளர் பிராட்லி "சுவர், சுவர்" என்று ஜபித்துக்கொண்டிருந்தார். நெரெய்தா காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கூரைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். "எப்போது வரும், செனட்டர்? தேதி சொல்லுங்கள்."

வேட்பாளர்களில் ஒருவரான செனட்டர் ஹால்டேன் மூன்று வாரமாக ஆள் வைத்து ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தார். படித்ததைக் காட்ட இடம் கிடைக்காமல் தவித்தவர், எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக் கையை உயர்த்தினார்.

"அவோரித்தா!"

அரங்கிலிருந்த எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் சிரித்தார்கள். தேசிய சேனல் அதை "லத்தீன் மக்கள் ஆரவாரம்" என்று திரைக்கு அடியில் ஓடவிட்டது.

அவோரித்தா என்பது 'இப்போது' என்ற சொல்லைச் செல்லமாகக் கூப்பிடுவது. எங்கள் வீடுகளில் செல்லம் கொடுத்தே கெட்டுப்போன சொல் அது. சாப்பிட வா என்றால் அவோரித்தா. மூன்று வருடமாகச் சொட்டுகிற குழாயைச் சரிசெய்யச் சொன்னாலும் அவோரித்தா. சொல்கிறவர் எதுவும் செய்யத் தேவையில்லை. கேட்டவர் வாயை மூடிக்கொண்டால் சொல்லின் வேலை முடிந்தது.

மறுநாள் காலை நாடு இரண்டாகப் பிளந்திருந்தது. 'இந்த நொடியே' என்று ஹால்டேன் வாக்களித்துவிட்டதாக அவர் கட்சி சொன்னது. ஸ்பானிஷ் மொழியில் நாசூக்காக 'முடியாது' என்று சொன்னதாக எதிர் வேட்பாளர் ஆளுநர் ஸ்ட்ரௌட் சொன்னார். ஒரு சேனல் ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி ஒருவரைக் கோலோடு வரைபடத்தின் முன் நிறுத்தியது. பென்சில்வேனியாவின் அவோரித்தா அரிசோனாவினுடையதைவிடத் தாமதமானது என்று அவர் விளக்கினார்.

எங்கள் அலுவலகமும் பிளந்துதான் கிடந்தது.

"எங்க ஊர்ல அவோரித்தான்னா 'அப்புறம்'னு அர்த்தம்" என்றான் போர்ட்டோரிக்கோக்காரன் வீலோ. "நல்லா இருந்த வார்த்தையை மெக்சிகோக்காரங்க நீங்கதான்டா நாசம் பண்ணீங்க."

"ஆமா, நீ 'அப்புறம்'னு சொன்னா மட்டும் அப்புறம் வந்துருவியா?" என்றேன்.

அன்று முழுக்கத் தொலைக்காட்சியில் 'கூரை' என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது. ஓடு விற்கிற கம்பெனியின் விளம்பரம்.

மதியம் சேமா கூப்பிட்டான். நெரெய்தா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, டிவில உன் பேச்சாத்தான் இருக்காம். சட்டம் வந்துருச்சா?"

"இல்லடா. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடிட்டிருக்காங்க."

"சரி. நாங்க இங்க தண்ணி தேடிட்டிருக்கோம். யாருக்கு முதல்ல கிடைக்குதுன்னு பாப்போம்."

அடுத்து பிராட்லி கூப்பிட்டார். மாலை நேரலையில் நெரெய்தா வந்து பொருள் சொல்ல வேண்டுமாம். அவர் எதைச் சொன்னாலும் ஏற்பதாக இரண்டு கட்சிகளும் ஒப்புக்கொண்டுவிட்டனவாம்.

"'உடனே'ன்னு சொல்லிருங்கக்கா. ஆள் மாட்டிப்பாரு" என்றான் வீலோ.

"அது பொய்டா."

"அப்ப 'என்னைக்கும் இல்ல'ன்னு சொல்லுங்க."

"அதுவும் பொய். அதோட மனுஷன் தப்பிச்சிருவாரு. நான் வாக்கே கொடுக்கலைம்பாரு."

"உண்மையில என்னதான்க்கா அர்த்தம்?" என்றேன்.

அவர் யோசித்தார். "எங்கம்மா கேட்டுட்டுப் போனா குழாய் ரிப்பேர் ஆகாது, கீக்கே. கேட்டுட்டு அங்கயே நின்னாங்கன்னா ஆகும்."

நேரலையில் அதையேதான் சொன்னார். அவோரித்தா நேரத்தின் அளவு அல்ல, தூரத்தின் அளவு. கேட்டவர் எதிரில் நின்றால் சீக்கிரம்; வீட்டுக்குப் போய்விட்டால் இல்லை. ஆகவே சொன்னவர் எதிரில் போய் நிற்பதே எங்கள் வழக்கம். நிகழ்ச்சித் தொகுப்பாளர் மோவாயைத் தடவினார். திரையில் "தூரம்!" என்று சிவப்பில் ஓடியது. தளபதியின் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டு அளவு நாடாவைக் கொடுத்தார்கள்.

மறுநாளிலிருந்து கூரைக்காரர்கள் ஹால்டேன் எதிரில் நின்றார்கள். வேலை முடிந்து நேரே வருவதால் ஏணியோடு நின்றார்கள். அவர் முட்டை சாப்பிடும்போது நின்றார்கள். முடி வெட்டிக்கொள்ளும்போது கண்ணாடியில் தெரிந்தார்கள். நாட்டின் அத்தனை கேமராக்களும் என் கேமராவுக்குப் பின்னால் வரிசை கட்டின. தன் எதிரில் நிற்க ஆளில்லாமல் மனம் நொந்த ஸ்ட்ரௌட், தானாகவே ஒரு மேடை போட்டு "அவோரீட்டோ!" என்று கத்தினார். இரண்டு பயிற்சி நிருபர்கள் போய் நின்றார்கள். உச்சரிப்புக்கு அவ்வளவுதான் தேறும்.

அப்போதுதான் ஹால்டேனின் ஆலோசகர்களுக்கு யோசனை தோன்றியது. கூரைக்காரர்கள் அவர் எதிரில் நிற்பதை, அவர் கூரைக்காரர்களோடு நிற்பதாக மாற்றிவிட்டால்? நடு மதியம், பளபளக்கும் தோல் ஷூவோடு அவரைச் சேமா வேலை செய்கிற கூரைமேல் ஏற்றிவிட்டார்கள். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று ஏணியை எடுத்துவிட்டார்கள்.

ஹால்டேன் உழைப்பைப் பற்றி மூன்று வாக்கியம் பேச வேண்டும். இரண்டாவதில் ஷூ தாரில் ஒட்டிக்கொண்டது. முகம் தக்காளி ஆனது. மூன்றாவதை விட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இங்க தண்ணி வருமா?"

சேமா கீழே மேஸ்திரியைப் பார்த்தான். அப்புறம் என்பதுபோல் மேஸ்திரி கை அசைத்தார். சேமா மரியாதையாகவே சொன்னான்: "அவோரித்தா, செனட்டர்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். நெரெய்தா மைக்கை நீட்டினார்.

"தேதி, செனட்டர்."

"மே மாசம்! மே முதல் தேதி! கூரைமேல தண்ணி, நிழல், ரெண்டும்! மசோதாவை நானே கொண்டு வரேன்!"

"எந்த வருஷத்து மே?"

"வர்ற மே மாசம்மா! ஏணிய வைக்கச் சொல்லுங்க!"

சேமா தன் பாட்டிலில் மிச்சமிருந்ததை அவரிடம் கொடுத்தான்.

அன்று மாலை தேசிய சேனல்கள் புதிய தலைப்போடு தொடங்கின: லத்தீன் மக்களுக்கு மே மாதம் என்றால் என்ன? பிராட்லி கூப்பிட்டார்.

"மே ஒண்ணுன்னா மே ஒண்ணுதாங்க" என்றார் நெரெய்தா.

"புரியுது மேடம். ஆனா எங்களுக்கு ஒரு மணி நேரம் ஓட்டணுமே."

நெரெய்தா உதட்டுச் சாயத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பண்பாட்டு ரீதியாக மே எதைக் குறிக்கிறது என்று தொகுப்பாளர் கேட்டார். "மே ஒன்று. கூரைமேல் தண்ணீர், நிழல்." இளைஞர்கள் மே மாதத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? "மே ஒன்று. கூரைமேல் தண்ணீர், நிழல்." மே பற்றித் தளபதியின் கருத்தை ஏற்கிறாரா? அதற்கும் அதுவே. திரைக்கு அடியில் எழுத்து ஓட்டுகிற ஆள், அவர் வாயைத் திறக்கும் முன்பே தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார். மூன்றாவது விளம்பர இடைவேளை முடிந்து கேமரா திரும்பியபோது, தொகுப்பாளர் நாட்டைப் பார்த்து வாய் தவறிச் சொன்னார்:

"மீண்டும் வணக்கம், மே ஒன்று, கூரைமேல் தண்ணீர், நிழல்."