கொட்டிலுக்குக் கீழே குடிநீர்

தீவில் ஐந்து மணிக்கு முன்பே வெளுத்துவிடும். அதற்குள் அமுதம் இடுப்பளவு ஏரியில் நின்றிருந்தாள். போர்ட் பிளேரில் பல தெருக்களுக்குக் குடிதண்ணீர் போகும் ஏரி அது. அதைத் தண்ணீர் என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். பச்சைக் கூழாய்ப் பாசி. அதற்கு மேல் ஆகாயத்தாமரை. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் பத்தடிப் படலம் கூடவே வந்தது. வேர்ச்சேறு மார்பில் அப்பி வழிந்தது. காலடிச் சேறு அமுங்கும்போதெல்லாம் குமிழிகள் குபுகுபுவென்று மேலே வந்து வெடித்தன. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். கடற்கரைத் தமிழர்கள், ராஞ்சிக்காரர்கள், இரண்டு வங்காளிப் பெண்கள். முந்தின வாரம் ராஞ்சி சுக்ரா கரையோரம் பீடி பற்றவைத்தபோது குமிழி 'பக்'கென்று எரிந்து அவன் மீசையைக் கருக்கியது. எல்லாரும் சிரித்தார்கள். அமுதத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மேட்டில் நாற்பது எருமைகள் கட்டிய கொட்டில். சொக்கலிங்கத்துடையது. சாணியும் மூத்திரமும் கழுவிய நீரும் ஒரு வாய்க்காலாக இறங்கி நேராக ஏரியில் விழுந்தன. புல்தோட்டத்துக்குக் கொட்டிய உரமும் மழைக்கு அதே வழியில் வந்தது. அதைத் தின்று பாசி கொழுத்தது. பாசி செத்து அடியில் அழுகியது. அந்த ஏரியைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தமும் சொக்கலிங்கத்துடையதுதான்; ஒப்பந்தக்காரனை அங்கே டேக்கேதார் என்பார்கள். மேலே அழுக்காக்குவான், கீழே அள்ள ஆள் விடுவான். இரண்டிலும் அவனுக்கு லாபம்.

அன்று நகரக் குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. ஏரி நீரைக் குழாய்களுக்கு அனுப்பும் கரையோரக் கிணற்றுக்குள் வடிகட்டி வலை பாசியால் அடைத்துக்கொண்டது. சொக்கலிங்கம் ஜீப்பை விட்டு இறங்காமலே வேலையாட்களில் ஒருவனைப் பார்த்துக் கத்தினான்.

"பழனிசாமி, எறங்குடா. ஜல்தி!"

"உள்ள நாத்தம் ஆள அடிக்குது, டேக்கேதார். மூடியத் தொறந்து ஒரு நாள் காத்தாட விடணும்" என்றாள் அமுதம்.

"ஆபீஸ்ல இருந்து என்னைப் புடுங்குறான். உனக்குக் காத்து கேக்குதோ?"

அமுதம் பழனிசாமியின் இடுப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பத்துப் படி இறங்கியிருப்பான். "அக்கா, கண்ணு எரியுது" என்றான். பிறகு சத்தமில்லை. கயிறு விண்ணென்று கனத்தது.

சுக்ரா உள்ளே குதிக்கப் போனான். அமுதம் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். "போகாத! நீயும் செத்துருவ! கீஞ்சோ, கீஞ்சோ!" என்று, கயிற்றை இழுக்கச் சொல்லி மற்றவர்களைப் பார்த்து இந்தியில் கத்தினாள்.

எட்டுப் பேர் கயிற்றை இழுத்தார்கள். உள்ளங்கை உரிந்தது. மேலே வந்தவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு மட்டும் நூலாக ஓடியது.

"சேத்தோட ஜீப்புல ஏத்தாதீங்க" என்றான் சொக்கலிங்கம்.

அமுதம் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த முகத்தில் காறித் துப்ப வாயில் எச்சில் ஊறியது. டீக்கடை நூர்முகம்மது தன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அதில் கிடத்தித்தான் பழனிசாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் அவன் கண் திறந்தான். மனைவி செல்லத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று மாலை குடிநீர் ஆபீஸின் ஓர் இளம் என்ஜினீயரோடு சொக்கலிங்கம் ஏரிக்கு வந்தான்.

"குடிச்சுட்டு எறங்கிட்டான் சார். ஏரி கெட்டதும் இவங்களாலதான். கரைக்குக் கீழ இருபது குடிசை. அத்தனை பேர் அசிங்கமும் இதுலதான். ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"கரைக்குக் கீழதான கெடக்கு எங்க குடிசை?" அமுதம் முன்னால் வந்தாள். "எங்க அசிங்கம் கரையேறிக் குதிச்சு ஏரிக்குள்ள வருதோ? மேட்டுல இருந்து வாரது யாரு வீட்டுச் சாணி?"

"வாய மூடுடி!"

"கெணத்துக்குள்ள ஆள எறக்குறதுக்கு முன்ன நீரு மூடியிருக்கணும் வாய."

அவள் ஏரியில் இறங்கி, அலுமினியப் பானையில் நீரை நிரப்பி, அதன் வாய் நீருக்குள் இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்தாள். சுக்ரா மூங்கிலால் சேற்றைக் கிளறினான். குமிழிகள் பானைக்குள் ஏறி நீரைத் தள்ளி நிரம்பின. சுக்ரா தீக்குச்சியைக் கிழித்து நீட்ட, அவள் பானையைச் சாய்த்தாள். பானையின் வாய் வழியே நீல நெருப்பு புஸ்ஸென்று சீறியது. சொக்கலிங்கம் இரண்டடி பின்வாங்கினான்.

என்ஜினீயர் மெதுவாகச் சொன்னார்: "மீத்தேன். அடியில அழுகற வரைக்கும் வந்துகிட்டேதான் இருக்கும். ராவும் பகலும் ஆகாசத்துக்குப் போகுது. கிணத்துல தேங்கினது இதைவிட விஷம்."

"அப்ப வாய்க்கால அடைக்கச் சொல்லுங்க சார்."

அவர் சொக்கலிங்கத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ரிப்போர்ட் எழுதறேன். அது மெயின்லேண்ட் ஆபீஸுக்குப் போய் உத்தரவு திரும்பி வரணும்."

"அதுக்குள்ள இன்னொருத்தன் எறங்கணுமா?"

என்ஜினீயர் ஜீப்பை நோக்கி நடந்தார்.

அன்று இரவு குடிசைகளுக்கு நடுவே கூடினார்கள். தமிழும் இந்தியும் வங்காளமும் மோதிக்கொண்டன. "வேலை போயிடும்" என்றது ஒரு குரல். "வேலையும் போகும், வீடும் போகும், உயிரும் போகும். இதுல எதைக் காப்பாத்த வாய மூடுறது?" என்றாள் அமுதம். சுக்ரா எழுந்தான். "காம் பந்த்" என்றான், இரண்டே வார்த்தையில். வேலை நிறுத்தம் என்பதற்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் விடியலில் ஒருவரும் ஏரியில் இறங்கவில்லை. அள்ளிப் போட்டிருந்த ஆகாயத்தாமரையையும் களிமண்ணையும் கூடை கூடையாகச் சுமந்து மேட்டு வாய்க்காலை அடைத்தார்கள். மதியத்துக்குள் சாணிக்குழம்பு பின்னோக்கி ஏறிக் கொட்டிலை நிறைத்து, அதை ஒட்டியிருந்த சொக்கலிங்கத்தின் வீட்டு வாசலைத் தொட்டது.

தடியோடு ஓடி வந்தான். "பிரிங்கடா! போலீஸோட வர்றேன். அத்தனை பேரையும் கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவேன்!"

"நாத்தம் தெரியுதா, டேக்கேதார்?" என்றாள் அமுதம். "நாங்க இதுக்குள்ளதான் நிக்கோம் தெனமும்."

அவன் தடியை ஓங்கினான். இருபது மண்வெட்டிகள் தரையை விட்டு எழுந்தன. தடி தாழ்ந்தது. ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் காலிக் குடங்களோடு தெருப் பெண்கள் மேடேறி வந்தார்கள். நான்கு நாளாகக் குழாய் வறண்டுகிடக்க, தண்ணீர் கேட்டு வந்தவர்கள். நாற்றத்தின் மூலத்தைக் கண்ணால் பார்த்து, குடங்களை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றார்கள். "இவன் பால் இனி என் கடைக்கு வராது" என்றார் நூர்முகம்மது, கொதிக்கும் கெட்டிலோடு மூச்சிரைக்க ஏறி வந்து.

ஆஸ்பத்திரியிலிருந்து செல்லம் நேராக அங்கே வந்தாள். நான்கு நாள் தூங்காத கண்கள். அமுதம் அவள் கையைப் பிடித்தாள்.

"பேசுனானா?"

"இன்னும் என்னைத் தெரியல அவருக்கு." செல்லம் அடைப்பைப் பார்த்தாள். ஒரு மூலையில் குழம்பு கசிந்துகொண்டிருந்தது. "இங்க ஒழுகுதே. கூடை ஒண்ணு குடுங்க."

கீழே சாலையில் இரண்டு ஜீப்புகளின் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குனிந்து, கசிந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மிதிக்கத் தொடங்கினார்கள்.