ஒரு மணிக்கு உள்ளே இருப்பவர்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லப்போகும் தப்பில் பாதி என் கோபத்தால் நடந்தது. மீதிப் பாதி என் சான்றிதழால் நடந்தது.

அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். மென்பொருள் குழுக்களை 'அஜைல்' முறையில் நடத்தத் தகுதி பெற்றவர் பாண்டிமீனா என்று அதில் போட்டிருக்கும். அஜைல் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் திட்டம் போட்டுக்கொண்டு உட்காராமல் வேலையை இரண்டு வாரத் துண்டுகளாக வெட்டிக்கொள்வது. ஒரு துண்டுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். துண்டு முடிந்ததும் வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு, அடுத்ததைத் திருத்திக்கொள்வது. தினமும் காலையில் குழு முழுக்க நின்றுகொண்டே பதினைந்து நிமிடம் பேச வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், ஏதாவது தடை இருக்கிறதா? மூன்றே கேள்வி. சென்னையில் பதினான்கு வருடம் இந்த மூன்று கேள்வியையும் கேட்டே சம்பளம் வாங்கியவள் நான்.

போன வருடம் எங்கள் கம்பெனி சிவகாசியில் ஒரு சின்னக் கிளை திறந்தது. எனக்கும் சொந்த ஊர் பக்கத்தில் வெம்பக்கோட்டைதான் என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். காலண்டர் அச்சகம் ஒன்றின் மாடியில் ஆபீஸ். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே எங்கள் தண்ணீர் பாட்டில்கள் மேசையில் நகரும். என்னையும் சேர்த்து ஐந்து பேர். நிரல் எழுத செழியன், ஓவியா, விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மணிகண்டராஜ். எழுதியது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க அய்யம்மாள்.

அய்யம்மாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வயது. நாரணாபுரத்துக்காரி. பத்து வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.சி.ஏ. முடித்தவள். அவள் அம்மா ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் களை பறித்திருக்கிறாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு வருடமாக இருவரும் அதைப் பேசியதே இல்லை. அவள் என்னை மேடம் என்பாள். நானும் அந்த மேடத்துக்குள் வசதியாக இருந்துகொண்டேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை நடத்தும் நல்லசிவம் கொடுத்தது. அவர் தொழிற்சாலையில் நாற்பது அறைகள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. எந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட் ரூமில் இருக்கும் டேப்லெட்டில் எந்த நேரமும் தெரிய வேண்டும். ஐந்தாவது ஆள் நுழைந்தால் சிவப்பு. அவ்வளவுதான் கேட்டார். அது பிடித்துப்போனால் மற்ற இரண்டு யூனிட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் அந்தக் கையெழுத்து வராவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று சென்னையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்த விஷயத்தை நான் குழுவிடம் மறைக்கவில்லை.

இரண்டாவது ஸ்பிரிண்டில் ஒருநாள் காலைக் கூட்டத்தில் செழியன், "மேடம், ஒரு தடை இருக்கு" என்று ஆரம்பித்தான். எனக்கு அன்றைக்கு எதிலோ எரிச்சல். "தடைய மட்டும் தூக்கிட்டு என்கிட்ட வராத. தீர்வு இருந்தா வாயத் திற" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மறுநாளிலிருந்து எங்கள் குழுவில் தடை என்பதே இல்லாமல் போயிற்று. நானும் அதைப் பெருமையாகச் சென்னைக்கு எழுதி அனுப்பினேன்.

மூன்றாவது ஸ்பிரிண்டில் அய்யம்மாள் சுவர்ப் பலகையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினாள். 'மணி அடிச்சா எல்லாரும் வெளிய வருவாகளா?' என்று எழுதியிருந்தது. தொழிற்சாலையில் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும். அந்த நேரத்தில் எல்லா அறையின் கணக்கையும் மென்பொருளே பூஜ்யமாக்கிவிடும். நூற்றைம்பது பேருக்கு ஒவ்வொருவராக 'வெளியே' என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டாமே என்று நானே யோசித்துச் சேர்த்த வசதி அது. தொழிற்சாலை மேனேஜர் செந்தூர்பாண்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மணி அடிச்சா ஈ காக்கா உள்ள இருக்காது மேடம்" என்றார். மஞ்சள் சீட்டை எடுத்து 'பிறகு பார்க்கலாம்' என்ற கட்டத்தில் ஒட்டிவிட்டேன்.

மென்பொருளைத் தொழிற்சாலையில் ஓடவிடும் வெளியீட்டு நாள் வந்தது. பதினெட்டாம் தேதி. பதினொரு மணிக்கு நல்லசிவம் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு நின்றோம். வரிசையாகக் கேட்டேன். தடை இல்லை. தடை இல்லை. தடை இல்லை. அய்யம்மாள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "இல்ல மேடம்" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து வெளியீட்டுப் பொத்தான் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். அப்போது அய்யம்மாள் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள். எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். உடனே ஓவியா எழுந்தாள். அவள் பின்னால் செழியன். இருவரும் ஏன் என்றுகூடக் கேட்காமல், ஓடாமல், அதே மாதிரி இறங்கிப் போனார்கள்.

மிச்சமிருந்தது நானும் மணிகண்டராஜும். அவன் என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "டீ டைமா மேடம்?" என்றான். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்?

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வெளியீட்டு நாளன்று வேலைநிறுத்தமா? தடதடவென்று இறங்கினேன். கீழே பேப்பர் பண்டல் இறக்க நின்ற லாரியின் நிழலில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

"என்ன நெனச்சிட்டு இருக்கீங்க எல்லாரும்? இன்னும் ஒன்றரை மணி நேரத்துல அவரு வந்துருவாரு. தடை இருக்கான்னு கேட்டேன்ல? இல்லன்னுதான சொன்ன?"

ஓவியாதான் முதலில் பேசினாள். என்னிடம் இல்லை, அய்யம்மாளிடம். "ஏன்க்கா, என்னாச்சு?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் செழியனுக்கும் இதுவரை காரணமே தெரியாது.

"மேடம், கோவிச்சுக்கிடாதீக" என்றாள் அய்யம்மாள். "பட்டாசு ரூம்ல ஏதாச்சும் சரியில்லைனு ஒருத்திக்குத் தோணுச்சுன்னா பேசிட்டு இருக்க மாட்டோம். கையில இருக்கிறத பைய வச்சிட்டு எந்திரிச்சு வெளிய வந்துருவோம். ஒருத்தி எந்திரிச்சா அம்புட்டுப் பேரும் எந்திரிக்கணும். ஏன்னு வெளிய வந்துதான் கேக்கணும். எங்க மூணு பேரு வீட்லயும் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தீர்வு இல்லாம வாயத் தொறக்காதன்னுட்டீக. மஞ்சச் சீட்டுல எழுதிப் பாத்தேன். அதுக்கு மேல எனக்கு வேற வழி தெரியல."

"அதுதான் மணி அடிச்சா எல்லாரும் வந்துருவாங்கன்னு மேனேஜர் சொன்னாரே."

"அவரு ஒரு மணிக்கு சாப்பிடப் போயிருவாரு மேடம். சீசன் நேரத்துல, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குற பீஸ் ரேட்டுக்காரிக எந்திரிக்க மாட்டாளுக. கையில இருக்கிறத முடிச்சிட்டுத்தான் வருவாளுக. நானே எத்தன நாள் இருந்திருக்கேன்" என்றாள். "எங்க சித்தி இருந்த கம்பெனில ஒருநா ஒன்னே காலுக்கு வெடிச்சிருச்சு. நோட்டுல அவுக பேருக்கு நேரா சாப்பாட்டுக்குப் போயாச்சுன்னு எழுதியிருந்துச்சு. அந்த ரூம் பக்கம் யாருமே போய்ப் பாக்கல. சுவரு சாஞ்சு கெடந்த எடத்துல ரெண்டு மணி நேரம் கழிச்சு அவுகளாத்தான் சத்தம் குடுத்தாக. உசுரு பொழைச்சுக்கிட்டாக. வலது கை போச்சு."

உள்ளே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நோட்டில் எழுதிய கை யாருடையதோ. இந்தத் தடவை எழுதியது என் கை.

"இந்தக் கையெழுத்து கெடைக்கலன்னா ஆபீஸ மூடிருவாங்க, தெரியும்ல?" என்றேன்.

"தெரியும் மேடம். நான் திரும்பத் திரி வைக்கத்தான் போகணும்" என்றாள். "அங்க போயி அந்த டேப்லெட்டு பூஜ்யம்னு காட்டுறப்ப நான் உள்ள உக்காந்திருக்க முடியுமா?"

உண்மையைச் சொல்கிறேன். பதினொரு மணி வரைக்கும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவர் பதினொன்றுக்கு வருவார், பன்னிரண்டுக்குப் போய்விடுவார். ஒரு மணிக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்பிரிண்டில் சரிசெய்துவிடலாம். என் சான்றிதழ்கூட அதைத் தப்பு என்று சொல்லாது. ஆனால் அந்த மூன்று பேரும் மேலே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அவர்கள் பார்க்காமல் இருந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நல்லசிவம் செந்தூர்பாண்டியோடு வந்தார். காபி வந்தது. "சார், இது இன்னும் தயாராகல" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். செந்தூர்பாண்டிக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி, நம்ம கம்பெனில அப்படிலாம் கிடையாது. மணி அடிச்சா எல்லாரும் வந்துருவாக" என்றார்.

நல்லசிவம் அவரைப் பார்க்கவில்லை. அய்யம்மாளைப் பார்த்தார். "எத்தன வருசம்மா வேல பாத்த?"

"பத்து வருசம் அண்ணாச்சி."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காபியைப் பாதியில் வைத்தார். "கெளம்புங்க. ஒரு மணிக்கு அங்க இருப்போம்."

தொழிற்சாலை கேட்டில் எல்லாரும் செல்போனையும் செருப்பையும் விட்டோம். முதலாளியும்தான். சோதனைக்காகக் கொண்டுபோன டேப்லெட்டில் அறைகளின் கணக்கை ஏற்றிவிட்டுச் செழியன் கேட் ரூமிலேயே இருந்தான். ஒரு மணிக்கு மணி அடித்தது. வேப்பமரத்தடிக்குப் பெண்கள் தூக்குச்சட்டிகளோடு வந்தபடி இருந்தார்கள். செந்தூர்பாண்டி நிம்மதியாக மூச்சு விட்டார். அய்யம்மாள் சுடுமண்ணில் வெறுங்காலோடு முன்னால் நடந்தாள். பதினேழாம் எண் அறை வாசலில் நின்றாள்.

உள்ளே இரண்டு பெண்கள் குனிந்த தலை நிமிராமல் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நிழல் விழுந்ததும் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"ஏ அய்யம்மா! நீ எங்கன இங்கன?" என்று சிரித்தவள், பின்னால் முதலாளியைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனாள். "இந்தா முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. ஒரு அம்பதுதான் இருக்கு."

"மொதல்ல சாப்பிடப் போங்க தாயி" என்றார் நல்லசிவம். திட்டவில்லை. அவர்கள் எழுந்து வெளியே வரும்வரை நின்று பார்த்தார். பிறகு கேட் ரூமுக்கு நடந்தார். செழியன் டேப்லெட்டை நீட்டினான். பதினேழாம் அறை பச்சையாக இருந்தது. நடுவில் ஒரு பூஜ்யம். அவர் அந்தப் பூஜ்யத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாள் எடுத்துக்கோங்க" என்று என்னிடம் சொன்னார். "நீங்க சரின்னு சொன்னா எனக்குப் பத்தாது. இந்தப் பொண்ணு சொல்லணும்."

அந்தப் பத்து நாளில்தான் நான் அஜைல் கற்றுக்கொண்டேன் என்றால் சென்னையில் சிரிப்பார்கள். ஒரு மணிக்குத் தானாகப் பூஜ்யமாகும் வசதியைத் தூக்கினோம். கேட்டில் இருப்பவர் ஆளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் பெயருக்கு 'வெளியே' என்று தட்ட வேண்டும் என்று அய்யம்மாள் விதி எழுதினாள். தினமும் ஒரு மணிக்கு இரண்டு பேர் தொழிற்சாலைக்குப் போய் வேப்பமரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, எது தொல்லை, எது சரி என்று கேட்டு வந்தோம். மணிகண்டராஜுக்கு ஒரு பாட்டி தினமும் கருவாட்டுக் குழம்பு ஊற்றியதில் அவன் எடை கூடிவிட்டது. காலைக் கூட்டத்தில் மூன்றாவது கேள்வியை முதலில் கேட்கத் தொடங்கினேன். என்னுடைய தடையை முதலில் நானே சொன்னேன். "என் கோவம்" என்றேன். செழியன் சிரித்துவிட்டான். அதன் பிறகு ஆளுக்கு இரண்டு தடையாவது வந்தது.

ஒருநாள் திரும்பி வரும்போது காரில் அய்யம்மாளிடம், "உங்கம்மா எங்க தோட்டத்துக்கு வந்துட்டு இருந்தாங்கல்ல?" என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே, "ஆமா. உங்க கெணத்துல நான் நீச்சல் படிச்சிருக்கேன், உங்க வீட்ல யாரும் இல்லாத நேரமாப் பாத்து" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. அன்று முதல் அவள் மேடத்தை விட்டுவிட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி காலை. கூட்டம் முடிந்தது. நான் அதே பக்கத்தைத் திறந்து பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். திரும்பி அய்யம்மாளைப் பார்த்தேன். செழியனும் ஓவியாவும், இப்போது விவரம் தெரிந்த மணிகண்டராஜும், அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அய்யம்மாள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. திரையை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப்போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் அழுத்தினேன்.

நல்லசிவத்துக்குப் போன் போட்டேன்.

"சார், அனுப்பிட்டோம்."

"அந்தப் பொண்ணு எந்திரிச்சுச்சா?"

என் ஆபீசையும் என் பெயரையும் காப்பாற்றியவள், அதையெல்லாம்விட, என்னால் சாக இருந்த யாரோ ஒருத்தியைக் காப்பாற்றியவள், எனக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து காதில் பேனாவைச் செருகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றி சொல்ல இன்றுவரை எனக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை.

"இல்ல சார்" என்றேன். "உக்காந்திருக்காங்க."

"அப்ப பேனாவ எடுத்து வைங்க. வாரேன்" என்றார்.