லான் விற்ற தவளைகள்

பல் மருத்துவர் எட்மோனிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. சனிக்கிழமைதோறும் மாதா கோயிலின் பின்னறையில் ஏழைகளுக்கு இலவசமாகப் பல் பிடுங்குவார். நாற்காலியில் யாராவது அலறினால் அவர்கள் பெயர் எழுதிய வைத்திய அட்டையில் அந்தப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். மூன்று கோடு விழுந்தால் அட்டை கிழிக்கப்படும்; பிறகு இலவச வைத்தியம் கிடையாது. பயந்தாங்கொள்ளிகளுக்குத் தம் தர்மத்தை வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பிரான்சில் படித்தபோது வாங்கி வந்த கொள்கைகளை, சட்டையோடு சேர்த்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து அணிந்துவந்தார். சைகோனின் வெயிலிலும் வேர்வையிலும் அவை கசங்கவே இல்லை.

‘பென் தான்’ என்ற சந்தையில் தவளை விற்கும் லானின் அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. கடைவாய்ப் பல் பாதி உடைந்து உள்ளே நின்றது. கன்னம் வீங்கிக் கண்ணை மூடியது. ஒன்பது நாளாக வெறும் கஞ்சித் தண்ணீர். வருகிற சனிக்கிழமைதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

இரண்டு முறையும் அவள் தலையை அழுத்திப் பிடித்தவள் மாதலேன். எட்மோனைப் போலவே காரைக்கால்காரி. வாரநாட்களில் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் எட்மோனுக்கு உதவி செய்தாள். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய தவளைகளை லானிடம்தான் வாங்குவாள். வியாழனன்று கூடையை நீட்டிய லான், பாதி வாயால் வியட்நாமிய மொழியில் கேட்டாள்:

"அக்கா, அறுக்கும்போது இதுங்க கத்துமா?"

"தலையை எடுத்தப்புறம் எங்கே கத்தும்?"

"அப்ப எனக்கும் தலையை எடுத்துட்டே பல்லைப் பிடுங்கச் சொல்லுங்க. கோடு விழாது."

மாதலேன் சிரித்தாள். பாதி வழியில் அந்தச் சிரிப்பு அவளையே குத்தியது. ஊசி போட்டுப் பத்து நிமிடம் கழித்து, குறடு பட்டதும் லானின் தலை துடித்த துடிப்பு இன்னும் அவள் கைகளில் இருந்தது. மரத்துப்போன பல் அப்படித் துடிக்குமா?

எட்மோன், மரத்துப்போக வைக்கும் நொவோகேன் தூளை மொத்தமாகக் கரைத்து ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தார். கிருமி சேரக் கூடாதென்று வாராவாரம் அதை அரைமணி நேரம் கொதிக்கவிடுவார். எட்டு மாதமாக அதே ஜாடி. பின்னறைச் சாவி மாதலேனிடம் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியில் ஜாடியிலிருந்து ஒரு சிறு சீசாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

அவள் தினமும் செய்கிற வேலைதான் அது. தவளையின் கால் நரம்பை அதன் தசையோடு பிரித்தெடுத்து, நரம்பில் மின்சாரம் கொடுக்க வேண்டும். தசையைத் துள்ளவைக்கும் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். சோடியம் உள்ளே பாய்வதால்தான் நரம்பு விழிக்கிறது என்றும், மரப்பு மருந்து அந்த வாசலை அடைத்துவிடுகிறது என்றும் பேராசிரியர் சொல்லியிருந்தார். மருந்து நல்லதென்றால் தேவைப்படும் மின்சாரத்தின் அளவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எவ்வளவு கொடுத்தாலும் தசை அசையாது.

ஆய்வுக்கூடத்தில் இருந்த புதுக் குப்பி மருந்தில் கிடந்த நரம்பு பத்து நிமிடத்தில் ஐந்து வோல்ட்டுக்கும் அசையவில்லை. ஜாடி மருந்தில் கிடந்தது, முன்பு போலவே அரை வோல்ட்டுக்குத் துள்ளியது.

வெள்ளிக்கிழமை, தொப்பியைக்கூடக் கழற்றாமல் எட்மோன் ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றார்.

"எதுக்கு ஆளனுப்பினே?"

"உங்க ஜாடி மருந்து செத்துப்போச்சு, தொக்தேர். கொதிக்கக் கொதிக்க உடைஞ்சுபோச்சு."

"யார் சொன்னது?"

"தவளை."

"சபாஷ்! முப்பது வருஷ அனுபவம் எனக்கு. இனிமே முசியே தவளைக்கு பொன்ழூர்னு வணக்கம் சொல்லிட்டுத்தான் ஊசி போடணுமா?"

"தவளைக்குப் பெருமை கிடையாது, தொக்தேர். அதான் நம்பறேன்."

"இந்த ஊர்க்காரங்க தொட்டாலே கத்துவாங்க. இதே மருந்தை என் கையில போட்டுப் பாரு. ஆம்பிளை நரம்பு எப்படி இருக்கும்னு காட்டறேன்."

மாதலேன் முதலில் அவர் முழங்கையின் உட்பக்கத்தில் மின்முனையை வைத்து, சுண்டுவிரல் துள்ளும் அளவைக் குறித்துக்கொண்டாள். பிறகு அவரே தம் கையால் அந்த இடத்தில் ஜாடி மருந்தை ஏற்றிக்கொண்டார். காத்திருந்த கால்மணி நேரமும் வீரத்தைப் பற்றிப் பேசினார். அவள் மறுபடி மின்முனையை வைத்தாள். அதே அளவுக்கு அதே சுண்டுவிரல் துள்ளியது. வீரம் அதுவரை எட்டவில்லை போலும்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பொறு" என்றார்.

பொறுத்தாள். விரல் மறுபடி துள்ளியது. அவள் ஒரு குண்டூசியால் அதன் நுனியை லேசாகக் குத்தினாள். எட்மோன் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"கோடு போடவா, தொக்தேர்?"

அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை லான் வந்தபோது மேசையில் ஜாடி இல்லை. எட்மோன் தம் பையிலிருந்து புதுக் குப்பிகளை எடுத்தார். ஊசி போட்டார். அவளைக் குறடால் தொடுமுன் தாமே இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். உடைந்த பல் வெளியே வந்தது. மாதலேனின் கைகளுக்குள் லானின் தலை அசையவில்லை.

"பார்த்தியா? இன்னைக்குத்தான் உனக்குத் தைரியம் வந்திருக்கு" என்றார் எட்மோன், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வியட்நாமிய மொழியில்.

"இல்லே" என்றாள் மாதலேன், அதே மொழியில், அதே சத்தத்தில். "இன்னைக்குத்தான் நல்ல மருந்து வந்திருக்கு. அன்னைக்கு யார் வாயா இருந்தாலும் கத்தியிருக்கும்."

எட்மோனின் கை தன்னையறியாமல் முழங்கையைத் தடவியது. லான் அதைக் கவனித்தாள். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஐயாவுக்குக் கை வலிக்குதா? உப்பைத் துணியில கட்டிச் சூடாக்கி ஒத்தடம் கொடுங்க. ராத்திரி நானும் கன்னத்துக்கு அதைத்தான் வெச்சுக்கிட்டேன்."

எட்மோன் தலையை மட்டும் ஆட்டினார்.

மத்தியானம் வரிசை முடிந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்து, சிவப்புக் கோடு விழுந்தவற்றைப் பொறுக்கி, ஒவ்வொரு பெயரையும் புது அட்டையில் எழுதினார். அட்டை கிழிக்கப்பட்டவர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதினார். நினைவுக்கு வராத பெயர்களை மாதலேன் சொன்னாள். அந்தப் பக்கம் வந்த பங்குச் சாமியார் ரோஜே, அவரும் காரைக்கால்காரர்தான், ஆச்சரியத்தோடு நின்றார்.

"என்ன தொக்தேர், எல்லாம் புது அட்டை?"

"பழசுல ஈரம் பட்டுடுச்சு, சாமி" என்றார் எட்மோன், நிமிராமல்.

பழைய அட்டைகள் மேசை மேல், மொறமொறவென்று காய்ந்து கிடந்தன.

"ஆமாம் சாமி" என்றாள் மாதலேன். "ஈரந்தான்." அவற்றை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள்.