எதிர்ச் சுவரின் வரைபடம்

இரண்டு மருமகள்களும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவார். அதைக் கேட்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு எரியும். அந்தப் படிப்பைத் தேடிப் பிடித்தவளே அவள்தான். ஒன்பது வருடம் பெயர்ப்பலகைக் கடையில் எழுத்து வெட்டி ஒட்டியவள். பேருந்து நிலையத்திலும் மருத்துவமனையிலும் ஜனங்கள் பலகைக்கு அடியிலேயே நின்றுகொண்டு வழி கேட்பதைப் பார்த்து, இதற்கென்று ஒரு படிப்பு இருக்காதா என்று விசாரித்தாள். இருந்தது. பொது இடங்களுக்கான தகவல் வடிவமைப்பு. மாலை வகுப்பு, இரண்டு வருடம்.

"நானும் சேரட்டுமா அக்கா? வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்று கொழுந்தனின் மனைவி கேட்டபோது, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் மூத்தவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

இளையவளுக்கு எல்லாம் வந்தது. எந்த எழுத்தை எத்தனை அடியில் வைத்தால் எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கலாம் என்று மூத்தவள் டேப்பை இழுத்து அளந்துகொண்டிருப்பாள். இளையவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொல்வாள். அவள் வரைந்த அம்புக்குறிகளை ஆசிரியை வகுப்பு முழுக்கக் காட்டினார். ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'அம்புக்குறி மேடம்'. எதையும் மோவாயால்தான் சுட்டுவார். அந்த மோவாய் எப்போதும் இளையவள் பக்கமே திரும்பியது.

கடைசித் தேர்வு ஒரு பெரிய மருத்துவமனையில், வகுப்பில் முதல் இரண்டு இடங்களில் இருந்த இவர்கள் இருவருக்கு மட்டும். முன்கூடத்தில் எதிரெதிராக இரண்டு சுவர்கள். ஆளுக்கொரு சுவரில் 'நீங்கள் இருக்கும் இடம்' வரைபடம் மாட்ட வேண்டும். முன்பின் அந்தக் கட்டடத்துக்கு வராத பத்துப் பேரை ஒவ்வொருவராக வரைபடத்தின் முன்னால் நிறுத்தி, எக்ஸ்ரே அறைக்குப் போகச் சொல்வார்கள். யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் மதிப்பெண். அதிகம் வாங்கியவருக்கு நகர வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. இருந்தது ஒரே ஒரு இடம். மூத்தவள் அந்த நாற்காலியைக் கனவில்கூட இரண்டு தடவை துடைத்து வைத்துவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் இளையவள் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க சுவத்துல காலைல கண்ணாடி வழியா வெயில் விழுது. உங்க தாள் பளபளப்பு. ஒரு எழுத்தும் தெரியாது. என்னோடது மினுங்காத தாள்தான், நாம சுவத்த மாத்திக்கலாம்."

மூத்தவளுக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதையும் இவள்தான் கவனிக்க வேண்டுமா? ஆனாலும் "சரி" என்றாள். வீட்டுக்குப் போய்த் தன் வரைபடத்தைப் புதுச் சுவருக்குத் தகுந்தபடி திருப்பி வரைந்து அச்சுக்குக் கொடுத்தாள். எதிரெதிர்ச் சுவர்கள் அல்லவா? ஒன்றைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் இருப்பது, மற்றதைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் போய்விடும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இளையவளின் பலகையைப் பார்த்த மூத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இளையவள் படத்தைத் திருப்பி வரையவில்லை. சுவர் மாற்றும் முன்பே அச்சடித்து வைத்ததை அப்படியே கொண்டுவந்து மாட்டியிருந்தாள். இடப்பக்கம் இருக்கும் எக்ஸ்ரே அறை, படத்தில் வலப்பக்கம் இருந்தது. இரண்டு மாதமாக அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி இளையவளுக்கு ஒவ்வொரு கதவும் மனப்பாடம். வழி தெரிந்தவள் கண்ணுக்குப் படத்தின் தப்பு தெரியவே இல்லை.

"எப்படிக்கா இருக்கு?"

சொல்ல இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. புதிதாக அச்சடித்தே கொண்டுவந்துவிடலாம். மூத்தவளின் நாக்கு நுனி வரை வந்தது.

"நல்லாருக்கு" என்றாள்.

முதலில் மூத்தவளின் முறை. பத்துக்கு ஒன்பது. அடுத்தது இளையவள். மேடம் ஸ்டாப்வாட்சோடு எக்ஸ்ரே அறை வாசலில் நின்றார். இங்கே கூடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. முதல் ஆள் படத்தைப் பார்த்தார், வலப்பக்கம் போனார், எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேரவேயில்லை. இரண்டாவது ஆளும் வலப்பக்கம். மூன்று, நான்கு. இளையவள் முகம் சுண்டிப் போயிற்று. மூத்தவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியை அவள் ஆசை தீர அனுபவித்தாள் என்பதை மறைப்பானேன்?

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். தோளில் ஒரு குழந்தை. அதன் கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது. அழுது அழுது குரலே போயிருந்தது. அவர் தேர்வுக்கு வந்தவர் இல்லை. இளையவளின் படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வலப்பக்கம் பாய்ந்தார்.

"அண்ணே! அந்தப் பக்கம் இல்ல! படம் தப்பு, எக்ஸ்ரே இடது பக்கம்!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவளே ஒரு நொடி கழித்துத்தான் புரிந்துகொண்டாள், கத்தியது தான்தான் என்று. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எக்ஸ்ரே அறை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினாள். சத்தம் கேட்டு மேடமும் பின்னாலேயே வந்தார்.

இளையவள் தன் பலகையின் முன்னால் நின்று, அதையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பலகையைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். எழுத்தெல்லாம் கவிழ்ந்து நின்றன. ஆனால் இடம் இடமாகவும் வலம் வலமாகவும் ஆகிவிட்டது.

"மீதி ஆறு பேர அனுப்புங்க மேடம்" என்றாள்.

ஆறு பேரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார். ஆறு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். நேராக இருந்த மூத்தவளின் படத்திலேயே ஒருத்தர் வழி தவறியிருந்தார். தலைகீழாக மாட்டியும் ஜெயிக்கிறாளே என்று மூத்தவளுக்கு நெஞ்சு காந்தியது.

கணக்கு கணக்குதான்: ஒன்பதும் ஆறும். மேடத்தின் மோவாய் முதன்முறையாக மூத்தவள் பக்கம் திரும்பியது.

"வேலை உங்களுக்குத்தான்மா. அதுவும் வெறும் மார்க்குக்காக இல்ல. ஓடுற ஓட்டத்துல, ஒரே பார்வையில, அடுத்தவங்க படத்துல இருக்கற தப்பக் கண்டுபிடிச்சீங்க பாருங்க. அந்தக் கண்ணுதான் இந்த வேலைக்கு வேணும்."

இளையவள் மூத்தவளைப் பார்த்தாள். காலை எட்டு மணி, பலகை, 'எப்படிக்கா இருக்கு', 'நல்லாருக்கு' எல்லாம் அந்தப் பார்வையில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இப்போது சொல்லிவிடுவாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள்.

"ஆமா மேடம்" என்றாள் இளையவள். "எங்க அக்காவுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை."

அம்புக்குறி, எழுத்து, மாமியாரின் மெச்சல் என்று எல்லாவற்றையும் அவளிடம் விட்டாயிற்று. இப்போது இந்தப் பெருந்தன்மையையும் அவளே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். வாழ்நாள் முழுக்க அவள் விட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா? ஒரு விஷயத்திலாவது அவளை முந்தாவிட்டால் மனசு ஆறாது என்று மூத்தவளுக்குப் பட்டது. நியாயம் தர்மம் எல்லாம் அப்புறம்தான். பொறாமைதான் அவள் வாயைத் திறந்தது.

"கூர்மைதான் மேடம்" என்றாள். "காலைல எட்டு மணிக்கே தெரிஞ்சிடுச்சு. அவ கேட்டா. நல்லாருக்குன்னு சொன்னேன்."