என் மூக்கில் குடியிருந்தது

எனக்குச் சுத்தம்னா அப்படியொரு சுத்தம். எங்க பியூட்டி பார்லர் வாசல்ல யாராவது செருப்பைக் கோணலா விட்டாலே ஒரு பார்வை பார்ப்பேன், தானா நேராயிடும். ரெண்டே நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஜன்னலோரமா மெழுகு உருக்கற சட்டி. ஒரு நாற்காலி எனக்கு, இன்னொண்ணு எங்ககூடவே இருக்கற என் தங்கச்சிக்கு.

மத்தியானம் மூணு மணிக்கு மேல வெயில் கண்ணாடியில பட்டு, அறையே தேன் கலர்ல மிதக்கும். பவுடர் தூசி மேலயும் போகாம கீழயும் வராம அந்த வெளிச்சத்துல நிக்கும். எனக்கு மூக்கு அரிக்கும். புறங்கையால ஒரு தேய், விரலால ஒரு கிள்ளு. அப்புறம் ஜெல் டப்பாவுக்குள்ள ரெண்டு விரலை விட்டு, நூல் இழுத்துச் சிவந்த புருவத்து மேல மெதுவா தடவுவேன். வந்தவங்க கண்ணை மூடிச் சொக்கிப் போவாங்க. “உங்க கை பட்டாலே தூக்கம் வருதுங்க”ம்பாங்க. எனக்குத் தலைகால் புரியாது.

முதல்ல கட்டி வந்தது எங்க வீட்டுக்காரருக்கு, பின்கழுத்துல. பஸ் ஓட்டற மனுஷன், நாளெல்லாம் வேர்வை. நான் விடுவேனா?

“ஈரத் துண்டைச் சுருட்டிப் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா?”

“அடியே, கட்டி கழுத்துல இருக்கு. நீ ஏன் காதைப் புண்ணாக்கற?”

அவருக்கு அது உடைஞ்சு தானா ஆறிடுச்சு. அடுத்த வாரம் தங்கச்சிக்கு அக்குள்ல ஒண்ணு. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னா. ரெண்டே நாள்ல எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கிடுச்சு. “கண்ட பிளேடையும் எடுத்து மழிச்சிருப்ப, வேற என்ன!”ன்னு அவளையும் பிடிபிடின்னு பிடிச்சேன். பக்கத்து கிளினிக்ல கொடுத்த மாத்திரையை அஞ்சு நாள் ஒருவேளை விடாம போட்டா. வீக்கம் இம்மிகூட வத்தல.

ஆறாம் நாள், மெழுகுச் சட்டியைக் கிண்டிக்கிட்டு இருந்தவ அப்படியே உக்காந்துட்டா. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. “அக்கா, கண்ணாடியில நான் ரெண்டா தெரியறேன்க்கா”ன்னா. தொட்டுப் பார்த்தேன். நெருப்பு.

பெரிய ஆஸ்பத்திரியில கட்டியைக் கீறிச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ரத்தமும் எடுத்தாங்க. முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. “வழக்கமா கொடுக்கற மருந்துக்கெல்லாம் இந்தக் கிருமி அசையாதும்மா. ரத்தத்துலயும் கலந்திருக்கு. மிச்சம் இருக்கற மருந்து ஒண்ணு ரெண்டுதான், அதுல ஒண்ணை ஏத்தறோம்.”

“பொழைச்சுப்பாளா?”

“ரெண்டு மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியும்.”

அந்த ரெண்டு மூணு நாளும் தண்ணிக்கடியில நடந்த மாதிரி இருந்துச்சு. வராந்தா வெள்ளை, திரை வெள்ளை, அவ முகம் வெள்ளை. நர்ஸுங்க சத்தமே இல்லாம மிதந்து போனாங்க. அவ ஜுர வேகத்துல, இல்லாத யாருக்கோ புருவம் எடுத்துக்கிட்டு இருந்தா. வாயில இல்லாத நூலைக் கடிச்சுப் பிடிச்சு, விரலை விரிச்சு மடக்கி, விரிச்சு மடக்கி. “முடிஞ்சிருச்சுங்க, கண்ணைத் திறங்க”ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. நான் சுவத்துல சாஞ்சு அழுதேன். இவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?

மூணாவது நாள், அவகூட வீட்டுலயும் வேலையிலயும் பழகறவங்களைப் பரிசோதிக்கணும்னு எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் மூக்குக்குள்ள பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழட்டினாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. “எனக்கு எதுக்கு? என் உடம்புல ஒரு கொப்புளம்கூட வந்ததில்ல. இதோ நிக்கறாரே, இவரைப் பாருங்க!”

ரெண்டு நாள் கழிச்சு, அவளுக்கு ஜுரம் இன்னும் இறங்காம இருக்கறப்பவே, முடிவு வந்துச்சு. அவர் மூக்குல ஒண்ணுமில்ல. என் மூக்குலதான் இருந்துச்சு.

“அதே கிருமிதான்” டாக்டரம்மா சொன்னாங்க. “சில பேருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காம மூக்குல சும்மா குடியிருக்கும். யார்கிட்டேருந்து யாருக்குப் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வேலை செய்யறப்போ மூக்கைத் தொடுவீங்களா?”

சேச்சே, இல்லவே இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள என் கை மூக்குகிட்ட போயிருந்துச்சு. கையை மெதுவா இறக்கினேன்.

காலையும் மாலையும் அஞ்சு நாளைக்கு மூக்குல தடவ ஒரு களிம்பு, குளிக்க ஒரு மருந்து கொடுத்தாங்க. வீட்டுக்கு நடந்தே வந்தேன். நல்ல பட்டப்பகல். என் விரல் பட்டதெல்லாம் மினுங்க ஆரம்பிச்சுச்சு. ஆஸ்பத்திரிக் கதவுப் பிடி, பாலத்துக் கைப்பிடி, பார்லர் பூட்டு. உள்ளே போனா ஜெல் டப்பா விளக்கு மாதிரி எரியுது. தெருவுல யார் யாரோ போறாங்க, எல்லார் புருவத்துலயும் என் ரெண்டு விரல் தடம் பளபளன்னு இருக்கு. அவங்க சொக்கின கண்ணோட என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே போறாங்க. கண்ணைக் கசக்கிப் பார்த்தா நான் என் நாற்காலியில உக்காந்திருக்கேன், வெயில் இறங்கியிருக்கு. கனவோ நினைப்போ, தெரியல. எழுந்து டப்பா, துண்டு, பவுடர் பஞ்சு எல்லாத்தையும் குப்பையில கொட்டினேன். வந்தவங்க ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிட்டேன். “கட்டி கிட்டி ஏதாவது வந்துச்சா? வந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, என் பேரைச் சொல்லிக் காட்டுங்க.” ஒரு அம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாங்க. கேட்டுக்கிட்டேன்.

களிம்பு ஆரம்பிச்ச மூணாம் நாள், ஜுரம் விட்டுடுச்சுன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து தகவல் வந்துச்சு. ஓடினேன். வாசல்ல கையைக் கழுவி, முகமூடி போட்டுக்கிட்டு உள்ளே போனா, தலையணையில சாஞ்சு உக்காந்திருக்கா. பாதியா இளைச்சிருந்தா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஆனா சொல்லாம இருக்க முடியல.

“என்கிட்டேர்ந்துதான்டி வந்திருக்கணும். என் மூக்குல இருந்திருக்கு. உன்னை அவ்வளவு திட்டினேனே.”

“நர்ஸக்கா சொன்னாங்க” அவ கீழே பார்த்துக்கிட்டே சொன்னா.

நெத்தியில முடி விழுந்திருந்துச்சு. ஒதுக்கி விடலாம்னு பழக்கத்துல கையை நீட்டிட்டேன். அவ போர்வையை வெடுக்குன்னு கழுத்து வரைக்கும் இழுத்தா. இழுத்தப்புறம்தான் என்ன செஞ்சோம்னு அவளுக்கே தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி முட்டிடுச்சு.

“பயமா இருக்குக்கா.”

வலிச்சுது. பொய் சொல்லல, அவ்வளவு வலிச்சுது. கையை இழுத்துப் பின்னால கட்டிக்கிட்டேன். “எனக்கும்தான்டி பயமா இருக்கு. நல்லா இழுத்துப் போத்திக்கோ. நான் வெளிய இருக்கேன்”னு திரும்பினேன்.

“அக்கா.”

நின்னேன்.

“தொடாம அங்கயே நின்னு ஏதாவது பேசு. திட்டினாலும் பரவாயில்ல. போயிடாத.”