திங்கட்கிழமை வேண்டாம்

டாக்டர் குருசாமி விஷயத்தை ஜெயக்கொடியிடம் சொல்லவில்லை. அவள் கணவன் பொன்னுராஜை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்த பொன்னுராஜ், "வெறும் கட்டிதான். திங்கக்கெழம எடுத்துருவாரு" என்றான். பிறகு சைக்கிள் பூட்டைத் திறக்காமலே ஸ்டாண்டைத் தள்ளி வண்டியை இழுத்தான். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அது 1988ஆம் வருஷம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பொன்னுராஜ் ஃபிட்டர். ஜெயக்கொடி வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொடுத்தாள். இடது மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டு ஒரு மாதம்வரை யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. சொன்ன பிறகு, டாக்டர் குருசாமி அதில் ஒரு துண்டை எடுத்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவுதான் வந்திருந்தது.

மறுநாள் காலை பொன்னுராஜ் ஷிப்டுக்குப் போனதும் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"எனக்கு என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க சார்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கேன்சர்தாம்மா. பயப்படாத. மார்பை எடுத்துட்டா முடிஞ்சுபோகும்."

"பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்ல. தையல் பிரிச்சதும் வீட்டுக்குப் போயிரலாம்."

அவள் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "இந்த ஆப்பரேஷன் எம்புட்டுப் பேருக்குச் செஞ்சிருக்கீய சார்?"

அவர் முகம் இறுகியது. ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "மூணு நாலு பேரு இருக்கும்."

"அவியள்லாம் இப்ப எப்படி இருக்காவ?"

"யாரும் திரும்ப வரலையே" என்றார். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவர் காதிலேயே விழுந்ததுபோல, மேஜை மேலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்தி வைத்தார்.

சாயங்காலம் அவள் பொன்னுராஜிடம், "திங்கக்கெழம வேண்டாம்" என்றாள்.

அவன் வலது கையை நீட்டிக் காட்டினான். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் சிக்கி நசுங்கிய இரண்டு விரல்களை டாக்டர் குருசாமிதான் தைத்து ஒட்டவைத்திருந்தார். "இந்தக் கையை மதுரையில வெட்டணும்னு சொன்னாங்க. இவருதான் காப்பாத்துனாரு. இவரை நம்பாம வேற யாரை நம்பச் சொல்லுத?"

"கைக்கு அவரு சரி. இதுக்கு, இதையே பாக்குற ஆளு வேணும்."

"அப்படி யாரைத் தெரியும் உனக்கு? நீ தேடிக்கிட்டே இரு, அது உள்ள பரவிக்கிட்டே இருக்கும்."

அவளுக்கும் அதே பயம்தான். கையைத் தூக்கினால் அக்குளில் ஏதோ இழுப்பதுபோல இருந்தது. அது நேற்றும் இருந்ததா, இன்றுதான் வந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

துணியை வெட்ட உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு முத்தாத்தாள் நினைவு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடைக்காரர் மனைவி. அங்கே எத்தனையோ தையல்காரர்கள் இருக்க, சில வருஷங்களாக பஸ் ஏறி வந்து ஜெயக்கொடியிடம் ரவிக்கை தைத்துப் போகிறவள். அளவு எடுக்க விடமாட்டாள். பழைய ரவிக்கையைக் கொடுப்பாள். வலது பக்கம் மட்டும் உள்ளே இரட்டைத் துணி போட்டுப் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்வாள். ஏனென்று அவள் சொன்னதில்லை. ஜெயக்கொடி கேட்டதுமில்லை.

வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். தேரடிக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முத்தாத்தாளின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள். ஜெயக்கொடியைக் கண்டதும் முத்தாத்தாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவளை அவசரமாக அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"எதுக்கு இங்க வந்த?"

"எனக்கு மார்ல கேன்சர்னு சொல்லிட்டாவ அக்கா. நீங்க எங்க காட்டினீய?"

"நான் எதைக் காட்டினேன்? யாரு சொன்னா உனக்கு?" குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் வெட்டியது. "எனக்கு ஒண்ணுமில்ல. நீ கெளம்பு."

ஜெயக்கொடி கொல்லை வழியாகவே வெளியேறினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒருத்தி உயிராகக் கட்டிக்காத்த ரகசியத்தைத் தான் சபையில் போட்டு உடைக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி போக வேறு இடமில்லை என்பது உறைத்தது. திங்கட்கிழமைக்கே சம்மதித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். பொன்னுராஜிடம் சொல்லியும் விட்டாள். அவன் தலையை ஆட்டினான், சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் முத்தாத்தாள் வந்து நின்றாள். கையில் ஒரு ரவிக்கைத் துணி. உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். துணியை மெஷின் மேல் வைத்துவிட்டு, முந்தானையை விலக்கிக் கொக்கிகளைக் கழற்றினாள். விலா எலும்பு தெரிய, தட்டையாக, அக்குளை நோக்கி ஏறிய வெள்ளைத் தழும்பு. ஜெயக்கொடி கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஏழு வருசமாச்சு. என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றாள் முத்தாத்தாள். "திருவனந்தபுரத்துல கிருபாபாய்னு ஒரு டாக்டரம்மா. நாகர்கோவில்காரவிய, தமிழ்ல பேசுவாவ. இந்த நோவு மட்டும்தான் பாப்பாவ. எடுத்த எடுப்புல கத்தியைத் தூக்கமாட்டாவ. கட்டியில எடுத்த துண்டைச் சீவி வச்சு மதுரையில சோதிச்ச கண்ணாடிச் சில்லு உங்க டாக்டர்கிட்ட இருக்கும். அதைக் கேட்டு வாங்கிட்டுப் போ. அவிய தன் கண்ணால பாத்துத்தான் முடிவு சொல்லுவாவ."

"அக்கா, நேத்து நான்..."

"சம்பந்தம் பேசி முடிவாயிருச்சு, விடு." கொக்கியை மாட்டிக்கொண்டாள். "ராத்திரி பூரா உன் முகந்தான். அதான் வந்தேன்."

அன்று மாலையே ஜெயக்கொடி அந்த டாக்டரம்மாவைப் பற்றிப் பொன்னுராஜிடம் சொல்லி, அவனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கண்ணாடிச் சில்லைக் கேட்டதும் டாக்டர் குருசாமி நாற்காலியில் சாய்ந்தார். "தியேட்டர் ஏற்பாடு பண்ணியாச்சு. மயக்க மருந்துக்காரருக்கும் சொல்லியாச்சு. ஊர் ஊரா அலைஞ்சு முத்திப்போய் வந்தா நான் பொறுப்பில்ல."

ஜெயக்கொடி வாய் திறப்பதற்குள் பொன்னுராஜ் முந்திக்கொண்டான். அந்த விரல்களை மறு கையால் பிடித்தபடி, "உங்களைக் குறைச்சு நெனைக்கல சார். அவ உசுரு. அவ கேக்குறா. குடுத்துருங்க" என்றான்.

டாக்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். கண்ணாடிச் சில்லுகளைப் பஞ்சில் சுற்றி ஒரு மாத்திரை டப்பாவில் வைத்துத் தந்தார். "உடைச்சிராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தென்காசி, செங்கோட்டை வழியாக பஸ்ஸில் போனார்கள். மலைப்பாதை வளைவுகளில் அவள் டப்பாவை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கிருபாபாய் குள்ளமான பெண்மணி. பொன்னுராஜ் பேச வாயெடுத்ததும், "இருங்க, அவங்க சொல்லட்டும்" என்றார். ஜெயக்கொடி சொல்வதை முழுக்கக் கேட்டார். மார்பையும் அக்குளையும் நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். கழுத்தடியில் விரல் வைத்து வெகுநேரம் அழுத்திப் பார்த்தபோது ஜெயக்கொடி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"கழுத்துல இல்ல. அக்குள்ல இருக்கு" என்றார் டாக்டர். "உடனே வெட்டினா முழுசா எடுக்க முடியாது. மூணு தடவை மருந்து ஏத்திக் கட்டியைச் சுருக்கணும். அப்புறம் ஆப்பரேஷன். அதுக்கப்புறம் கரண்ட் வைக்கணும், கதிர் பாய்ச்சுறது. முடி கொட்டும், வாந்தி வரும்."

ஜெயக்கொடி அதே கேள்வியை இங்கேயும் கேட்டாள். எத்தனை பேர், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "நெறைய பேரும்மா. உன் நெலமையில வந்தவங்கள்ல பாதிப் பேர் நல்லா இருக்காங்க. பாதிப் பேர் இல்ல. நீ எந்தப் பாதின்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது."

பொன்னுராஜ் முகம் வெளுத்தது. ஜெயக்கொடிக்கோ அத்தனை நாளில் முதல்முறையாகக் காலுக்குக் கீழே தரை தட்டுப்பட்டது. "எப்ப ஆரம்பிக்கணும்?" என்றாள்.

நடுவில் ஊரில் ரத்தம் சோதிக்கவும், காய்ச்சல் வந்தால் பார்க்கவும் ஒரு டாக்டர் வேண்டும் என்று கிருபாபாய் சொன்னார். அதற்கு அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். பொன்னுராஜ் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டான். டாக்டர் குருசாமி திருவனந்தபுரத்துச் சீட்டை இரண்டு முறை படித்தார். "இந்த மருந்தை நான் போட்டதில்ல. அவங்க போன் நம்பர் குடு, கேட்டுக்கிடுதேன்" என்றார்.

இரண்டாம் தடவை மருந்துக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. டாக்டர் குருசாமி திருவனந்தபுரத்துக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டுக் கேட்டு மருந்து ஏற்றினார். நாலாம் நாள்தான் அவள் கண் விழித்துக் கஞ்சி கேட்டாள்.

கட்டி சுருங்கியது. ஆடியில் ஆப்பரேஷன் நடந்தது, கிருபாபாய்தான் செய்தார். கரண்ட் வைத்து முடிய கார்த்திகை ஆயிற்று. இடது கை தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனதால், மெஷினில் துணி தள்ள அவள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

1993ஆம் வருஷம் சோதனைக்குப் போனபோது, "இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார் கிருபாபாய். திரும்பும் பஸ் செங்கோட்டையில் நின்றதும் பொன்னுராஜ் இறங்கிப் போய்ச் சுடச்சுட முறுக்கு வாங்கி வந்தான். அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பவில்லை.